யுகி சுனோடா: கதவு திறந்தப்ப எல்லாம் நேரம் தப்பு

2025 மார்ச் 27. சீசன் ஆரம்பிச்சு ரெண்டே ரேஸ்தான் முடிஞ்சிருக்கு, ஃபார்முலா 1 (எஃப்1) கார் ரேஸ்ல ஓட்டற ரெட் புல் டீம் ஒரு அறிவிப்பு விடுறாங்க: லியாம் லாசன் கீழ அவங்களோட சின்ன டீம் ரேசிங் புல்ஸுக்கு போறார், அங்க இருந்து யுகி சுனோடா மேல வர்றார். அடுத்த ரேஸ் சுசூகா, அதாவது யுகியோட சொந்த நாட்டு கிராண்ட் பிரி. ரெட் புல் மெயின் டீமுக்கு ஓட்டப்போற முதல் ஜப்பான்காரர். அன்னைக்கு ஃபேன்ஸ் எல்லாரும் கொண்டாடினோம், நானும்தான். எட்டு மாசம் கழிச்சு டிசம்பர் 2-ம் தேதி இன்னொரு அறிவிப்பு: 2026-க்கு அந்த சீட் ஐசாக் ஹஜாருக்கு, யுகி இனி டெஸ்ட் மற்றும் ரிசர்வ் டிரைவர், அதாவது மெயின் டிரைவர் ஓட்ட முடியலன்னாதான் ரேஸ் ஓட்ட வாய்ப்பு. அஞ்சு சீசன், 124 பாயிண்ட், ஒரு போடியம் (முதல் மூணு இடம்) கூட இல்ல.

இதை வச்சு "பையனுக்கு அந்த லெவல் இல்ல"ன்னு ஒரு வரில முடிக்கறவங்களும் இருக்காங்க, "ரெட் புல் பலி கொடுத்துட்டாங்க"ன்னு ஒரு வரில முடிக்கறவங்களும் இருக்காங்க. எனக்கு ரெண்டும் பத்தாது. வருஷவாரியா உக்காந்து பார்த்தா வேற ஒண்ணு தெரியுது. இவருக்கு கிடைச்ச ஒவ்வொரு வாய்ப்பும் ஒண்ணு ரொம்ப சீக்கிரம் வந்துச்சு, இல்லன்னா ரொம்ப லேட்டா வந்துச்சு, சரியான நேரத்துல வந்தது ஒண்ணு ரெண்டுதான். அதோட இவர் பண்ண தப்புகளும் இருக்கு, அதை மறைக்க போறதில்ல.

ஆரம்பம்

2000 மே 11, கனகாவா மாகாணத்துல சகாமிஹாரா. சின்ன வயசுலயே கார்ட் ஓட்ட ஆரம்பிச்சாச்சு. 2016-ல ஹோண்டாவோட சுசூகா ரேசிங் ஸ்கூல்ல சேர்ந்தார், அங்க முதல்ல வர்றவங்களுக்குத்தான் ஸ்காலர்ஷிப், மத்தவங்க வீட்டுக்கு கிளம்ப வேண்டியதுதான். யுகிக்கு ஸ்காலர்ஷிப் கிடைக்கல. அப்ப ஸ்கூலுக்கு பிரின்சிபால் சடோரு நகாஜிமா, 1987-ல லோட்டஸ் டீம்ல ஐர்டன் சென்னாவோட பார்ட்னரா ஓட்டினவர், எஃப்1-ல முழு சீசன் ஓட்டின முதல் ஜப்பானியர். (நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் பின்னாடி ஜப்பான்ல சூப்பர் ஃபார்முலா ஓட்டினப்ப இதே நகாஜிமாவோட டீமுக்கும் ஓட்டியிருக்கார், அது தனி கதை.) அந்த மனுஷன் இந்த பையன்கிட்ட ஏதோ பார்த்து சிபாரிசு பண்ணினதாலதான் ஜப்பான் எஃப்4 (எஃப்1-க்கு ஏறற ஏணில கீழ்ப்படி, அதுக்கு மேல எஃப்3, எஃப்2) சீட் வந்துச்சு. இல்லன்னா அன்னைக்கே கதை முடிஞ்சிருக்கும்.

2017-ல மூணாவது, 2018-ல சாம்பியன். அதுக்கப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம். ஹோண்டா அப்ப ரெட் புல்லோட சின்ன டீமான டோரோ ரோசோவுக்கு எஞ்சின் கொடுக்க ஆரம்பிச்சிருந்தாங்க, 2019-ல இருந்து ரெட் புல்லுக்கும் கொடுக்க போறாங்க. அதனால ஹோண்டா வளர்க்கற பசங்களை ரெட் புல்லுக்கு இளம் டிரைவர்களை தேர்ந்தெடுக்கற ஹெல்முட் மார்கோவும் பார்க்க ஆரம்பிச்சார். 2019-ல யுகி நேரா ஐரோப்பா, ஜென்சர் டீம்ல எஃப்3. அந்த டீம் அப்ப முன்வரிசை டீம் இல்ல, பையனுக்கு டிராக்கும் புதுசு, டயரும் புதுசு, இங்கிலீஷும் சரியா வராது. முதல் பாதி ஒண்ணும் இல்ல, கடைசி பாதியில போடியம், மான்சால ஒரு ஜெயிப்பு, மொத்தத்துல 9-வது.

2020 எஃப்2 தான் என்னை பொறுத்தவரை இவர் கரியர்லயே சுத்தமான வருஷம். கார்லின் டீம், மூணு ஜெயிப்பு, நாலு போல் (ஸ்டார்ட் வரிசைல முதல் இடம்), 200 பாயிண்ட். சாம்பியன் மிக் ஷூமாக்கர் 215, ரெண்டாவது கேலம் ஐலாட் 201. முதல் வருஷத்துலயே ஒரு பாயிண்ட்ல ரெண்டாவது இடம் போச்சு. அதே டீம்ல அதே காரை ஓட்டினவர் நம்ம நாட்டு ஜெஹான் தாருவாலா, அவரும் திறமைசாலிதான், கடைசி ரேஸ் ஜெயிச்சார், ஆனா சீசன் முடிவுல 12-வது. இதை வச்சு யுகியோட வேகத்தை புரிஞ்சுக்கலாம். எஃப்1 ஓட்டணும்னா சூப்பர் லைசென்ஸுக்கு 40 பாயிண்ட் வேணும், எஃப்2-ல முதல் மூணு இடத்துக்குள்ள வந்தா அந்த 40 அப்படியே கிடைச்சிடும், மூணாவதா வந்து வாங்கிட்டார்.

அந்த வருஷம் ஸ்பா ரேஸ் மட்டும் கண்ணுல நிக்குது. யுகியும் நிகிதா மசெபினும் முட்டி மோதிட்டு இருந்தாங்க, மசெபின் இவரை டிராக்குக்கு வெளிய தள்ளினதுக்கு அஞ்சு செகண்ட் பெனால்டி, ஜெயிப்பு யுகிக்கு வந்துச்சு. மசெபின் கடுப்புல காரை கொண்டு வந்து '2'-ன்னு போட்டிருந்த போர்டை இடிச்சு தள்ள, அது பறந்து வந்து பக்கத்துல நின்ன யுகி மேல படாம நூலிழைல தப்பிச்சுது.

ரொம்ப சீக்கிரம்

2021-ல ஆல்ஃபா டௌரி (டோரோ ரோசோவோட அப்போதைய பேர், பின்னாடி ரேசிங் புல்ஸ் ஆனதும் இதே டீம்தான்). கொஞ்சம் யோசிச்சு பாருங்க, 2018 கடைசியில ஜப்பான்ல எஃப்4 ஓட்டிட்டு இருந்த பையன், 2021 மார்ச்ல பஹ்ரைன்ல எஃப்1 கிரிட்ல நிக்கறான். நடுவுல ரெண்டே சீசன். அதுலயும் ஒரு சீசன் கொரோனாவால குறுகிப்போன சீசன்.

ஆனா முதல் ரேஸ் பிரமாதம். அலோன்சோ, ரைக்கோனன், வெட்டல்னு மூணு சாம்பியன்களை ஓவர்டேக் பண்ணி கடைசி லேப்ல ஸ்ட்ரோலையும் தாண்டி 9-வது. முதல் ரேஸ்லயே பாயிண்ட் எடுத்த முதல் ஜப்பானியர். அப்ப எஃப்1 நிர்வாகத்துல இருந்த ராஸ் பிரான் மாதிரி பெரிய ஆளே பல வருஷத்துல வந்த பெஸ்ட் ரூக்கி (புதுமுகம்)ன்னு சொல்லிட்டார். அது ஒரு வகைல சாபம் மாதிரி ஆயிடுச்சு. அடுத்த ரேஸ் இமோலா, குவாலிஃபையிங் (ஸ்டார்ட் வரிசையை முடிவு பண்ற டைம் போட்டி) முதல் ரவுண்டுலயே சுவத்துல சாத்திட்டார். மொனாக்கோ பிராக்டிஸ்ல ஒரு மோதல், பிரான்ஸ் குவாலிஃபையிங்ல ஒரு மோதல். ரேடியோல கத்தல் வேற. டிவில அதை மட்டும் வெட்டி வெட்டி போட்டு பையனை ஒரு காமெடி பீஸ் மாதிரி ஆக்கிட்டாங்க, நாமளும் சிரிச்சோம். ஆனா ஒரு எஞ்சினியர் உக்காந்து கேட்டா, "காருக்கு என்ன வேணும்"னு நிதானமா சொல்ல தெரியாத ஒரு டிரைவரோட குரல்தான் அது.

அப்ப இவர் இங்கிலாந்துல மில்டன் கீன்ஸ்ல தனியா இருந்தார், டீம் இருக்கறது இத்தாலில ஃபாயென்சா. ஜிம்முக்கு போக சோம்பேறித்தனம், வீடியோ கேம், இஷ்டத்துக்கு சாப்பாடு, இதை எல்லாம் அவரே பின்னாடி சிரிச்சுக்கிட்டே ஒத்துக்கிட்டார். மார்கோ ஒரு நாள் மூட்டை கட்ட சொல்லி இத்தாலிக்கு அனுப்பிட்டார். அங்க டீம் பாஸ் ஃப்ரான்ஸ் டோஸ்ட், பழைய ஸ்கூல் ஹெட்மாஸ்டர் டைப், காலைல ஜிம், அப்புறம் இங்கிலீஷ் கிளாஸ், அப்புறம் எஞ்சினியர்களோட மீட்டிங்னு ஒரு டைம்டேபிளே போட்டு கொடுத்தார். பாஸ்டா வேற அங்க சூப்பர், யுகி சாப்பாட்டு ராமன்னு உலகத்துக்கே தெரியும்.

பலன் சீசன் கடைசியில வந்துச்சு. அபுதாபி 2021, எல்லாரும் ஹாமில்டன் வெர்ஸ்டாப்பன் சாம்பியன்ஷிப் சண்டையைத்தான் பார்த்தாங்க, ரிசல்ட் ஷீட்ல நாலாவது இடத்துல சுனோடா பேர் இருந்ததை எத்தனை பேர் கவனிச்சாங்கன்னு தெரியல. பார்ட்னர் பியர் காஸ்லி இவருக்கு பின்னாடி அஞ்சாவது. ஆனா மொத்த கணக்கு காஸ்லி 110, யுகி 32. அந்த நாலாவது இடம்தான் 2025 முடிவு வரைக்கும் இவரோட பெஸ்ட். ஜப்பானியர்கள்ல அகுரி சுசூகி 1990, டகுமா சாட்டோ 2004, கமுய் கோபயாஷி 2012 இவங்க மூணு பேருக்கும் ஆளுக்கொரு மூணாவது இடம் இருக்கு. யுகிக்கு அந்த ஒரு படி மட்டும் கடைசி வரைக்கும் கிடைக்கல.

2022 பத்தி நிறைய எழுத ஒண்ணும் இல்ல, கார் மோசம், 12 பாயிண்ட், கனடால பிட்ல (டயர் மாத்தற இடம்) இருந்து வெளிய வரும்போதே நேரா சுவத்துல போய் முட்டினது ஒரு கொடுமை. மார்கோ இவரை பிரச்சினை பிடிச்ச பிள்ளைன்னு வெளிப்படையா சொன்னார், சைக்காலஜிஸ்ட் கூட ஏற்பாடு பண்ணாங்க.

ரொம்ப லேட்

2023, 2024 ரெண்டு வருஷமும் யாரும் சரியா பேசாத வருஷங்கள், எனக்கு இங்கதான் கேஸோட மையமே இருக்கு. காஸ்லி ஆல்பினுக்கு போயாச்சு. பக்கத்து சீட்ல நிக் டி வ்ரீஸ் வந்தார், பத்து ரேஸ்ல தூக்கிட்டாங்க. டேனியல் ரிக்கார்டோ வந்தார், கை உடைஞ்சுது, லாசன் அஞ்சு ரேஸ் ஓட்டினார், திரும்ப ரிக்கார்டோ. 2024-ல ரிக்கார்டோவை சிங்கப்பூரோட அனுப்பிட்டு மறுபடி லாசன். இத்தனை பேர் வந்து போயும் யுகி சீட் அசையல. ரிக்கார்டோ சும்மா ஆள் இல்ல, எட்டு ரேஸ் ஜெயிச்சவர், 2024-ல அவர் 12 பாயிண்ட், யுகி அந்த சீசன் முடிவுல 30. பிரேசில் மழைல குவாலிஃபையிங் மூணாவது.

அதே நேரம் மெயின் டீம்ல செர்ஜியோ பெரஸ் சரிஞ்சுக்கிட்டே இருந்தார், 2024-ல அவரோட பார்ட்னர் வெர்ஸ்டாப்பன் 437 பாயிண்ட், பெரஸ் 152. சீட் காலியாக போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும். சாதாரண கணக்குப்படி நாலு வருஷம் ஓட்டின யுகிக்குத்தான் அது வரணும். டிசம்பர்ல கொடுத்தது லாசனுக்கு, மொத்தமே 11 ரேஸ் ஓட்டினவருக்கு.

ஏன்? வேகம் இல்லன்னு யாரும் சொல்லல. மனசு, டெம்பர், அதுதான் காரணம்னு பேச்சு. 2024-ல பஹ்ரைன்ல ரிக்கார்டோவுக்கு வழி விட சொன்னதுக்கு ரேஸ் முடிஞ்சப்புறம் அவர் கார் மேலயே பாய்ஞ்சு காட்டினது, ஆஸ்திரியால ரேடியோல வாய் விட்டதுக்கு 40,000 யூரோ ஃபைன் (பாதி நிறுத்தி வச்சது), இதெல்லாம் ஃபைல்ல ஏறியாச்சு. 2021-ல ஒட்டின லேபிளை 2024-லயும் கிழிக்க முடியல. அதோட ஹோண்டா 2026-ல ஆஸ்டன் மார்ட்டினுக்கு போறது முடிவாயிடுச்சு. வீட்டை காலி பண்ண போறவங்களோட பையனுக்கு பெரிய ரூமை கொடுக்க யாருக்கு மனசு வரும்? இது என் ஊகம்தான்.

அப்புறம் நடந்தது தெரியும். லாசன் ஆஸ்திரேலியாவுல குவாலிஃபையிங் 18-வது, சீனாவுல 20-வது. யுகி அதே ஆஸ்திரேலியாவுல ரேசிங் புல்ஸ் கார்ல 5-வது. ஆனா ரேஸ்ல மழை வந்தப்ப டீம் போட்ட கணக்கு தப்பி பாயிண்ட் இல்லாம போச்சு. சீனா ஸ்பிரின்ட்ல (மெயின் ரேஸுக்கு முன்னாடி நடக்கற சின்ன ரேஸ்) 6-வது. ரெண்டு வாரத்துல போன் வந்துச்சு.

அந்த சீட்

அந்த கார் பத்தி ஒண்ணு சொல்லணும். பல வருஷமா வெர்ஸ்டாப்பன் வேகமா ஓட்டற திசையிலதான் அது வளர்ந்துச்சு. திருப்பினா முன்பக்கம் சட்டுனு கடிச்சு திரும்பணும், பின்பக்கம் லேசா வழுக்கினாலும் அவர் பார்த்துப்பார். மத்தவங்களுக்கு அந்த வழுக்கல்தான் பயம். பயம் வந்தா பிரேக்கை கொஞ்சம் சீக்கிரம் மிதிப்போம், ஒரு கார்னருக்கு நூறுல சில பங்கு செகண்ட் போகும், பதினஞ்சு கார்னர் கூட்டினா அரை செகண்ட் காலி. 2025-ல கிரிட் இருந்த நெருக்கத்துக்கு அரை செகண்ட்னா பத்து இடம். காஸ்லி 2019-ல 12 ரேஸோட போனார், ஆல்பன் 2020 முடிவுல, அப்புறம் பெரஸ், அப்புறம் லாசன். யுகி அஞ்சாவது ஆள். அவருக்கு அந்த கார்ல குளிர்கால டெஸ்டிங்கே கிடையாது, அதெல்லாம் லாசன்தான் பண்ணினார். சிமுலேட்டர்ல உக்காந்துட்டு நேரா சுசூகா.

சுசூகால ஹோண்டாவுக்கு மரியாதையா கார் முழுக்க வெள்ளை பெயின்ட், 1965 மெக்சிகோல ஹோண்டாவுக்கு முதல் ஜெயிப்பு கொடுத்த காரோட ஞாபகமா. வெர்ஸ்டாப்பன் போல் போட்டு ஜெயிச்சார். யுகி குவாலிஃபையிங் 15-வது, ரேஸ் 12-வது. குவாலிஃபையிங்ல லாசன், யுகி விட்டுட்டு வந்த ரேசிங் புல்ஸ் கார்ல, இவருக்கு ஒரு இடம் முன்னாடி. பஹ்ரைன்ல 9, மயாமில 10, பெருசா இல்லன்னாலும் ஏறிக்கிட்டு இருந்தது மாதிரிதான் தெரிஞ்சுது.

அப்ப வந்துச்சு இமோலா. ஃபாயென்சாவுக்கு பக்கத்து ஊர், இவருக்கு மனப்பாடமான டிராக். குவாலிஃபையிங் முதல் ரவுண்டு, செட்டப் மாத்திட்டு வந்து கார் எப்படி நடந்துக்கும்னு முழுசா தெரியாமலே, வில்நூவ் சிக்கேன்ல (அடுத்தடுத்து வர்ற ரெண்டு வளைவு) உள்பக்க கெர்ப் (டிராக் ஓரத்து மேடு) மேல கொஞ்சம் அதிகமா ஏறினார். பின்பக்கம் பட்டுனு விட்டுடுச்சு. கார் திரும்பி தடுப்புல மோதி, மேல எழும்பி, தலைகீழா உருண்டு நிமிர்ந்து நின்னுச்சு. பார்த்த எனக்கு வயித்துல புளி கரைச்சுது. அவர் தானா இறங்கி நடந்து வந்தார். தேவையில்லாம அளவுக்கு மீறி வேகமா ஓட்டினது முட்டாள்தனம்னு அன்னைக்கே தன்மேல பழியை போட்டுக்கிட்டார். மறுநாள் பிட் லேன்ல இருந்து கிளம்பி 10-வது வந்து ஒரு பாயிண்ட் எடுத்தது வேற விஷயம்.

அந்த ஒரு கெர்ப்போட விலை ரெண்டு மாசத்துக்கு மேல. நொறுங்கினது புது பார்ட்ஸ். எஃப்1-ல காஸ்ட் கேப் (டீம் செலவுக்கு உச்சவரம்பு) இருக்கறதால புதுசா செய்யற பார்ட்டு முதல்ல யாருக்கு போகும்னு சொல்லவே வேணாம். அதுக்கப்புறம் வெர்ஸ்டாப்பன் காரும் யுகி காரும் பார்க்க ஒண்ணு, அடியில இருக்கற ஃப்ளோர் வேற. கனடா பிராக்டிஸ்ல செவப்பு கொடி (ஓட்டத்தை நிறுத்தற சிக்னல்) நேரத்துல உடைஞ்சு போய்க்கிட்டிருந்த பியாஸ்ட்ரி காரை தாண்டினதுக்கு பத்து இடம் பெனால்டி. ஆஸ்திரியால கொலப்பின்டோவை இடிச்சு கடைசி இடம், சில்வர்ஸ்டோன்ல பேர்மனை இடிச்சு மறுபடி கடைசி இடம். மொனாக்கோல இருந்து ஹங்கேரி வரைக்கும் ஏழு ரேஸ்ல ஒரு பாயிண்ட் கூட இல்ல. இதுல ஃப்ளோர் மேல பழி போட முடியாத ரேஸும் இருக்கு, இடிச்சது இவர்தான்.

ஜூலை 9 ரெட் புல் டீம் பாஸ் கிறிஸ்டியன் ஹார்னரை தூக்கிட்டு லோரன் மெக்கீஸை பாஸ் ஆக்கினாங்க, யுகியோட பழைய ரேசிங் புல்ஸ் பாஸ். அடுத்த ரேஸ் ஸ்பாலயே புது ஃப்ளோர் வந்துச்சு. வந்த உடனே குவாலிஃபையிங் 7-வது! ஃப்ளோர்தான் பிரச்சினைன்னு சொன்னவங்களுக்கு இதுதான் பெரிய ஆதாரம். ரேஸ்ல பிட்டுக்கு கூப்பிட்டது லேட்டாகி பாயிண்ட் போச்சு. ஹங்கேரில முதல் ரவுண்டுல வெர்ஸ்டாப்பனைவிட பத்துல ரெண்டு பங்கு செகண்ட் கூட பின்தங்கல, ஆனா அதுக்கே 16-வதாகி வெளிய. பாக்குல 6-வது, லாண்டோ நாரிஸை பின்னாடி வச்சுக்கிட்டே முடிச்சார். ஆஸ்டின்ல ஸ்பிரின்ட்லயும் ரேஸ்லயும் 7-வது, கத்தார் ஸ்பிரின்ட்ல 5-வது.

மொத்தம் 30 பாயிண்ட் ரெட் புல்லுக்கு. வெர்ஸ்டாப்பன் 421. டீம்களுக்கான பட்டியல்ல ரெட் புல், மெர்சிடிஸுக்கு 18 பாயிண்ட் பின்னாடி மூணாவது. ரெண்டாவது கார் இன்னும் கொஞ்சம் கொண்டு வந்திருந்தா ரெண்டாவது இடம், அதுல வர்ற காசே தனி. இந்த கணக்கை மெக்கீஸ் மேஜைல வச்சு பார்த்தா நானா இருந்தாலும் மாத்தியிருப்பேன்னு தோணுது, இதை எழுத கஷ்டமாத்தான் இருக்கு. மாத்தினது தப்புன்னு நான் சொல்லல. 2024 டிசம்பர்ல கொடுக்க வேண்டியதை 2025 மார்ச்ல கொடுத்து, டெஸ்டிங் இல்லாம, பல ரேஸ் பழைய ஃப்ளோரோட ஓட விட்டுட்டு அதை ஒரு முழு பரீட்சையா திருத்தினதுதான் தப்பு.

கடைசி ரேஸ் அபுதாபி. சீட் போச்சுன்னு அறிவிச்சு அஞ்சு நாள்தான் ஆகுது. வெர்ஸ்டாப்பனுக்கு சாம்பியன்ஷிப் வேணும், அதுக்கு போட்டியில இருந்த நாரிஸை நிறுத்தணும், நிறுத்தற வேலை யுகிக்கு. நாரிஸ் பின்னாடி வந்தப்ப இப்படியும் அப்படியும் காரை வளைச்சு மறிச்சார், நாரிஸ் டிராக்குக்கு வெளிய போய் தாண்டிட்டார், அவருக்கு பெனால்டி இல்ல, மறிச்ச யுகிக்கு அஞ்சு செகண்ட். நாரிஸ் 423 பாயிண்ட்டோட சாம்பியன், வெர்ஸ்டாப்பன் 421. யுகி 14-வது. ரெண்டு நாள் கழிச்சு மார்கோவும் ரெட் புல்லை விட்டு கிளம்பறதா அறிவிப்பு வந்துச்சு. ஆக இவரை கொண்டு வந்தவர் (மார்கோ), இவருக்கு சீட் கொடுத்தவர் (ஹார்னர்), இவருக்கு எஞ்சின் கொடுத்த கம்பெனி (ஹோண்டா) எல்லாரும் ஒரே வருஷத்துல வெளிய, இவர் மட்டும் ரிசர்வா உள்ள.

ஹஜாருக்கு டிசம்பர்லயே சொல்லியாச்சு. முழு குளிர்காலம், முழு டெஸ்டிங், 2026 புது ரூல்ஸ்ங்கறதால கார் வெர்ஸ்டாப்பனுக்கும் அவருக்கும் ஒரே நாள்ல புதுசு. அதுல ஒண்ணு கூட யுகிக்கு கிடைக்கல.